நெத்திலி வயிற்றில் டயட்டம்: வடிகட்டுதா, கொத்தித் தின்னுதா?

கழிவெளி | ஜனவரி 18, இரவு 9.40

அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலத்துக்குக் கிழக்கே. காலை 10 மணி வாக்கில் வீச்சுவலை. ஸ்டோலெஃபோரஸ் நெத்திலி, எல்லாம் 5 முதல் 6 செ.மீ. வயிற்றைத் திறந்து எண்ணினால் மீனுக்குச் சராசரியாக 600 காசினோடிஸ்கஸ் டயட்டம் (சிலிகா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி), 40 கோப்பிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய ஓடுடலி). எண்ணிக்கையில் 94 சதவீதம் டயட்டம். அப்போ நம்ம கழிமுக நெத்திலி தாவர மிதவை (நீரோடு மிதக்கும் நுண்பாசி) தின்கிற மீன், வாயைத் திறந்தபடி நீந்தி வடிகட்டுது என்றுதானே அர்த்தம்? விலங்கு மிதவை தின்னும் என்று புத்தகத்தில் இருப்பதெல்லாம் கடல் நெத்திலிக்கு. மறுப்பு இருந்தால் சொல்லுங்க.

செவுள்சீப்பு | ஜனவரி 18, இரவு 10.25

இருக்கு. எண்ணிக்கையை விட்டுட்டுக் கொள்ளளவைப் பாருங்க.

காசினோடிஸ்கஸ் ஒன்றை 100 மைக்ரான் விட்டம், 40 மைக்ரான் தடிமன் உள்ள வில்லை என்று வைத்தால் 3.14 லட்சம் கன மைக்ரான். அகார்ஷியா கோப்பிபாட்டின் முன்னுடல் 800 மைக்ரான் நீளம், 250 அகலம். நீள்கோளமாகக் கணக்கிட்டால் சுமார் 2.6 கோடி கன மைக்ரான். ஒரு அகார்ஷியாவுக்கு ஈடாக 80 டயட்டத்துக்கு மேல் வேணும். உங்க 600 டயட்டம் ஏழு கோப்பிபாட்டுக்குச் சமம். 40 கோப்பிபாட்டோடு சேர்த்தால் டயட்டத்தின் பங்கு 15 சதவீதம். அதிலும் பெரிய டயட்டத்தின் உள்ளே பாதிக்கு மேல் வெறும் நீர்க்குமிழி, கரிமம் கொஞ்சம்தான். உணவு மதிப்பில் பார்த்தால் 15-உம் அதிகம்.

94, 15 இரண்டும் ஒரே வயிறுதான்.

செவுள்சீப்பு | ஜனவரி 18, இரவு 10.50

இன்னொன்று. டயட்டத்தின் ஓடு சிலிகா. வயிற்றில் கரையாது, குடல் கடைசி வரை முழுசாக வரும். கோப்பிபாட் கொஞ்ச நேரத்தில் தலை, வால் என்று பிரிந்துவிடும். ரோட்டிஃபர், லார்வா, ஜெல்லி மாதிரி மெல்லுடல் கொண்டவை அடையாளமே இல்லாமல் போயிடும். அதனால எண்ணும்போது கரையாததுக்குத்தான் எப்பவும் ஓட்டு அதிகம். குடலை விட்டுட்டு இரைப்பையை மட்டும் எண்ணினீங்களா? உடைஞ்ச கோப்பிபாட்டை எப்படி எண்ணினீங்க? தலைப்பகுதி எத்தனை, வால்பகுதி எத்தனை என்று தனித்தனியாக எண்ணி, எது அதிகமோ அதை எடுக்கணும். முழு உடல் மட்டும் எண்ணினால் 40 என்பது 100 ஆகக்கூட இருக்கலாம்.

எண்ணூர்க்கரை | ஜனவரி 19, காலை 6.15

வலைக்குள்ளேயே தின்றிருக்கும். மடியில மீனும் மிதவையும் நெருக்கமா சேர்ந்திருக்கும்போது சாகிற வரைக்கும் வாய்க்குள்ள போய்க்கிட்டே இருக்கும். கரைவலை மாதிரியில இது பெரிய தலைவலி.

செவுள்சீப்பு | ஜனவரி 19, காலை 7.05

கரைவலைக்குச் சரி, இழுவைக்குச் சரி. வீச்சுவலை விழுந்து மேலே வர ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதோட அந்தக் கண்ணியில மிதவை தங்கவே தங்காது. இங்கே அந்தக் காரணம் நிக்காது. வீச்சுவலையில வேற பிரச்சினை: மீன் பயத்துல கக்கும். வாயையும் தொண்டையையும் செவுள் அடியையும் பார்க்கணும். அங்கே கோப்பிபாட் ஒட்டிக்கிட்டிருந்தா அந்த மீன் கக்கியிருக்கு, "வெறும் வயிறு" கணக்கில் சேர்க்கக் கூடாது.

கழிவெளி | ஜனவரி 19, மதியம் 1.30

இரைப்பை மட்டும்தான். வீச்சுவலை, உடனே பனிக்கட்டி, பிறகு 4 சதவீத ஃபார்மலின். சரி, கொள்ளளவு விஷயம் புரியுது. ஆனால் 600 டயட்டம் எப்படி உள்ளே போச்சு? வடிகட்டாமல் ஒவ்வொன்றாகக் கொத்தியா தின்னும்?

செவுள்சீப்பு | ஜனவரி 19, இரவு 9.10

சீப்பை அளந்தால் பாதி விடை வந்துரும். (செவுள் வளைவின் முன்விளிம்பில் வரிசையாக நிற்கிற முட்களைத்தான் சீப்பு என்கிறேன்.) இடது பக்கம் முதல் வளைவை வெட்டி எடுங்க. தண்ணீர்ச் சொட்டில் வைச்சு, இழுத்து விரிக்காமல் அளக்கணும், விரிச்சா இடைவெளி பொய். கீழ்க்கிளையின் நீளம், முட்களின் எண்ணிக்கை, நடுமுள்ளின் அகலம், இந்த மூன்றும் போதும். நீளம் 6 மி.மீ., முள் 25, அகலம் 0.08 மி.மீ. என்று வைங்க. 25 × 0.08 = 2. மீதி 4 மி.மீ.யை 24 இடைவெளிக்குப் பகிர்ந்தால் 167 மைக்ரான். 100 மைக்ரான் டயட்டம் சும்மா நழுவும், 250 மைக்ரான் அகலமுள்ள அகார்ஷியா நழுவாது.

ஆனா இது பாதி விடைதான். சீப்பு என்பது பொடி சலிக்கிற சல்லடை மாதிரி வேலை செய்யுதுன்னு நினைச்சா மாட்டிக்குவோம். 2001-இல் நேச்சர் இதழில் சாண்டர்சன் குழு காட்டினது: வடிகட்டித் தின்னும் சில மீன்களின் வாயில் துகள் சீப்பில் மோதி ஒட்டுவதே இல்லை. நீர் சீப்புக்கு இணையாக ஓடி, தெளிந்த நீர் பக்கவாட்டில் வெளியேற, துகள் செறிவாகித் தொண்டைக்குப் போகுது. அதுக்கு முன்பே 1987-இல் டிரெனர் குழு கலிலேயா திலேப்பியாவின் செவுள் முட்களை வெட்டி எடுத்துட்டுப் பார்த்தாங்க. துகள் பிடிக்கும் வேகம் குறையவே இல்லை. இடைவெளியைவிடச் சின்னத் துகளும் உள்ளே போக வழி இருக்கு.

நெத்திலிக்கு இன்னும் எளிய காரணமும் இருக்கு. கோப்பிபாட்டை உறிஞ்சும்போது கூடவே ஒரு வாய் நீர் போகுது. டயட்டம் பூத்திருக்கும் நாளில் அந்த ஒரு வாயிலேயே காசினோடிஸ்கஸும் இருக்கும், அதில் கொஞ்சம் சளியில் ஒட்டும்.

செவுள்சீப்பு | ஜனவரி 20, காலை 6.40

நேற்று எழுதினதில் ஒரு சேர்க்கை. "வடிகட்டுதா, கொத்துதா" என்ற கேள்வியே இரண்டில் ஒன்றைத் தேடுது. பல நெத்திலி இனங்கள் இரண்டும் செய்யும். கலிஃபோர்னியா நெத்திலியை வைத்து லியோங், ஓகானல் 1969-இல் செய்த தொட்டிச் சோதனை: ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு போட்டால் வாய் திறந்து வடிகட்டல், வளர்ந்த ஆர்ட்டீமியா போட்டால் ஒவ்வொன்றாகக் கொத்தல். இரையின் அளவும் அடர்த்தியும் மாறினால் முறை மாறும். உங்க மீன் காலை 10 மணிக்கு வெளிச்சத்தில் பிடிபட்டது. கலங்கல் எவ்வளவு? செக்கி தட்டு (கலங்கலை அளக்க நீரில் இறக்கும் தட்டு) 30 செ.மீ.யில் மறைகிற நீரில் கண்ணால் பார்த்துக் கொத்துவது சிரமம்.

எண்ணூர்க்கரை | ஜனவரி 20, இரவு 8.20

"சின்ன மீன் எல்லாம் பாசி தின்னும்" என்று பொதுவாகப் பேசுறதை நிறுத்தணும். ஒரே வீச்சில் விழுகிற மீன்களைப் பாருங்க:

நெத்திலி, பொருவா: குடல் குட்டை, சீப்பு எண்ணிக்கை குறைவு. கோப்பிபாட், இறால் குஞ்சு, லூசிஃபர் (மிதந்து வாழும் குட்டி இறால்). பொருவா பெரிசானா நெத்திலியையே தின்னும்.

கவலை: இனத்துக்கு இனம் வேற. சார்டினெல்லா கிப்போசாவுக்குக் கீழ்க்கிளையில் முள் ஐம்பதை ஒட்டி. லாஞ்சிசெப்ஸ், அதாவது எண்ணெய்ச் சாளை, 150-க்கு மேல். அதுதான் உண்மையான டயட்டம் ஆள். மலபார் கரையில் ஃப்ராஜிலேரியா ஓஷியானிகா டயட்டம் பூத்தால் எண்ணெய்ச் சாளை வரும் என்று 1955-லேயே எழுதிட்டாங்க.

நெமடலோசா: முதுகுத் துடுப்பின் கடைசிக் கதிர் நூல் மாதிரி நீண்டிருக்கும் மீன். தடித்த தசை இரைப்பை, நீளக் குடல், தொண்டைக்கு மேல் உணவைச் சுருட்டி வைக்கிற பை. வயிற்றில் சேறு, டயட்டம், மணல்.

காரப்பொடி: இதுக்கு வாயைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. கீழ்நோக்கி நீண்டால் லையோக்னாதஸ், அடித்தளத்தில் மேயும். மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர், மிதவை தின்னும். நேராக நீண்டு பல்லும் இருந்தால் காஸா, இறாலும் குட்டி மீனும் தின்னும். சந்தையில் மூணும் ஒரே கூறுதான். "காரப்பொடியின் உணவு" என்று மூணையும் கலந்து சராசரி போட்டால் அப்படி ஒரு மீன் உலகத்திலேயே இல்லை.

மடவைக் குஞ்சு: 2, 3 செ.மீ. வரை மிதவை, பிறகு அடிச்சேறு. நீளம் பதியாத மாதிரி வீண்.

கண்ணாடி மீன் (அம்பாசிஸ்): கண்ணால் பார்த்துக் கொத்தும். கலங்கல் ஏறினால் வயிறு காலி.

கழிவெளி | ஜனவரி 24, மாலை 5.00

இந்த முறை நீரிலும் மிதவை எடுத்தேன். 200 மைக்ரான் வலை, மேற்பரப்பு, காலை. சூடோடயாப்டோமஸ் என்ற கோப்பிபாட் நீரில் 2 சதவீதம், நெத்திலி வயிற்றில் 30 சதவீதம். இவ்லெவ் குறியீடு +0.88 வருது. ஆய்த்தோனா என்ற சின்னக் கோப்பிபாட் நீர்ப் பங்கு 5, வயிற்றுப் பங்கு 10, குறியீடு +0.33. இரண்டையுமே தேடித் தின்னுது. இதாவது சரியா?

செவுள்சீப்பு | ஜனவரி 24, இரவு 10.15

கணக்கு சரி. வலை தப்பு.

இவ்லெவ் குறியீடு: (வயிற்றுப் பங்கு − நீர்ப் பங்கு) ÷ (வயிற்றுப் பங்கு + நீர்ப் பங்கு). −1 என்றால் ஒதுக்குது, +1 என்றால் தேடுது. இதில் "நீர்ப் பங்கு" என்பது மீன் பார்த்த நீராக இருக்கணும், உங்க வலை பார்த்த நீர் அதுவாகிடாது.

சூடோடயாப்டோமஸ் பகலில் அடித்தளத்தை ஒட்டிக் கிடக்கும், இருட்டினால் மேலே வரும். பகல் மேற்பரப்பு வலையில் அது கிடைக்காததில் ஆச்சரியமே இல்லை. இரவில் அடிக்கு அரை மீட்டர் மேலே எடுத்த மாதிரியில் அது 25 சதவீதம் என்று வைங்க. (0.30 − 0.25) ÷ 0.55 = 0.09. "மிகவும் விரும்பித் தின்னுது" என்பது "கிடைத்ததைத் தின்னுது" ஆயிடுச்சு.

ஆய்த்தோனாவில் இதைவிட மோசம். அது ஒல்லி, 200 மைக்ரான் கண்ணி வழியே பெரும்பாலும் நழுவும், அதன் குஞ்சுகள் மொத்தமும் நழுவும். 64 மைக்ரானில் எடுத்தால் 40 சதவீதம் வந்தாலும் வரும். (0.10 − 0.40) ÷ 0.50 = −0.6. குறியே தலைகீழ். தேடித் தின்னுது என்று எழுதினது ஒதுக்குது ஆயிடும்.

மீனைப் பற்றின முடிவு என்று நாம எழுதுறதில் பாதி நம்ம வலையைப் பற்றின முடிவு.

செவுள்சீப்பு | ஜனவரி 25, காலை 6.30

64 மைக்ரான் வலையை அடையாறிலோ கூவத்திலோ இழுக்கலாம்னு கிளம்பாதீங்க. ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடைச்சுக்கும். அடைச்ச பிறகு நீர் வாய்க்கு வெளியே வழியும், ஓட்டமானி மட்டும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கிட்டிருக்கும். வாளிதான் வழி: 20 லிட்டர் வாளி, ஐந்து முறை, 100 லிட்டர், கையில் பிடிக்கிற சல்லடை. ஆழத்து நீருக்குக் கைப்பம்பும் குழாயும். பெரிய, வேகமாக ஓடுகிற கோப்பிபாட் வாளியிலிருந்து தப்பும் என்பதால் 200 மைக்ரான் வலையும் கூடவே வேணும். 30 செ.மீ. வாய் வலை என்றால் பரப்பு 0.0707 சதுர மீட்டர், 50 மீட்டர் இழுத்தால் 3.5 கன மீட்டர். முகத்துவாரத்தில் அதுவே அதிகம். கோப்பிபாட் முதிர்ச்சி நிலைகளை வலையிலிருந்தும், ஆய்த்தோனாவையும் குஞ்சுகளையும் வாளியிலிருந்தும் எடுத்து, இரண்டையும் கன மீட்டருக்கு மாற்றிச் சேருங்க.

எண்ணூர்க்கரை | ஜனவரி 25, காலை 9.00

சல்லடைத் துணிக்குப் பணம் இல்லைன்னா ஸ்கிரீன் பிரிண்டிங் துணி. ஆனா கடையில சொல்ற நம்பர் கண்ணி அளவு கிடையாது, ஒரு செ.மீ.க்கு எத்தனை நூல் என்ற கணக்கு. 77 நூல் என்றால் நூலுக்கு நூல் 130 மைக்ரான், அதில் நூலின் தடிமன் 55-ஐக் கழிச்சா அதிகபட்சம் 75. நூல் தடிமன் கேட்காமல் வாங்காதீங்க. வாங்கினதும் நுண்ணோக்கியில் அளந்து பாருங்க. நைலானா பாலியெஸ்டரா என்றும் பாருங்க, நைலான் நனைஞ்சா கொஞ்சம் தளரும்.

கழிவெளி | பிப்ரவரி 2, இரவு 11.05

ஃபார்மலின் பற்றி ஒரு சந்தேகம். 4 சதவீதம் போட்டும் சில மீன்களில் இரைப்பை கூழாகி இருக்கு.

செவுள்சீப்பு | பிப்ரவரி 3, காலை 6.20

கடை ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு. அதில் 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு என்றால் அது "10 சதவீத ஃபார்மலின்", ஃபார்மால்டிஹைடு சுமார் 4. "4 சதவீதம்" என்பதைக் கடை ஃபார்மலினிலிருந்து 1-க்கு 24 என்று கலக்கினால் கிடைப்பது 1.5 சதவீத ஃபார்மால்டிஹைடுதான். மிதவை மாதிரிக்கு ஓரளவு ஓடும். முழு மீனுக்குப் போதாது, வெளியே விறைச்சிருக்கும், உள்ளே செரிமானம் நடந்துகிட்டே இருக்கும்.

செய்முறை: பனியும் கடல்நீரும் சம அளவு கலந்த குழம்பில் மீனை முக்குங்க, வெறும் பனிக்கட்டியைவிட வேகமாகக் குளிரும். அடிவயிற்றில் 3, 4 மி.மீ. கீறல். பிறகு 10 சதவீத ஃபார்மலின், மீனைப் போல் பத்து மடங்கு கொள்ளளவு. இரண்டு நாள் கழிச்சுக் கழுவி 70 சதவீத ஆல்கஹால். காரத்துக்குப் போராக்ஸ் போடுவாங்க, கோப்பிபாட்டுக்கும் சிப்பி லார்வாவுக்கும் நல்லது. கை தாராளமாப் போனால் நாளடைவில் டயட்டம் ஓடு கரையும். டயட்டம் முக்கியம் என்றால் நீர் மாதிரியில் ஒரு பகுதியைத் தனியாக லூகால் அயோடினில் வைங்க.

டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலின் கிட்டயே போகக் கூடாது. 95 சதவீத எத்தனால், இரைப்பையைத் தனியாக வெட்டி. அப்பவும் வரிசையில் பாதிக்கு மேல் மீனோட சொந்த டிஎன்ஏவே வந்து நிக்கும், அது நகலாகாமல் தடுக்கிற ப்ரைமர் (சிறு டிஎன்ஏ துண்டு) தனியாக வேணும்.

வலைவீசி | பிப்ரவரி 9, மாலை 7.45

காசிமேட்டுல காலையில நெத்திலி வாங்கி வயிறு பார்த்தா போதாதா? எதுக்கு இவ்வளவு பாடு?

எண்ணூர்க்கரை | பிப்ரவரி 9, இரவு 8.30

பொரிக்கலாம். ஆய்வுக்கு ஆகாது. எங்கே பிடிச்சது, எப்போ செத்தது, எவ்வளவு நேரம் பனியில் கிடந்தது, எதுவும் தெரியாது. 28, 30 டிகிரி நீரில் சின்ன மீனின் இரைப்பை சில மணி நேரத்தில் காலியாகும். அதோட காசிமேட்டு நெத்திலி கடல் நெத்திலி, கழிமுகக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. வீட்ல அம்மா நெத்திலி ஆயும்போது கிள்ளி எறியுறதுதான் நமக்கு வேண்டிய பகுதி என்பது வேற விஷயம்.

செவுள்சீப்பு | பிப்ரவரி 10, காலை 6.50

அந்த "சில மணி நேரம்" என்பதில்தான் தினசரி உணவுக் கணக்கு கவிழும். எக்கர்ஸ் முறை: நாள் முழுக்க எடுத்த மாதிரிகளின் சராசரி வயிற்று எடை × வெளியேறும் வேகம் × 24. சராசரி உடல் எடையில் 1 சதவீதம், வேகம் மணிக்கு 0.4 என்றால் ஒரு நாளைக்கு 9.6 சதவீதம். குளிர்நாட்டு மீனுக்கு அளந்த 0.15-ஐக் கடன் வாங்கினால் 3.6. அதே வயிறு, அதே தராசு.

வேகத்தை நாமே அளக்கணும்: வடிகட்டிய நீரில் மீன், அரை மணிக்கு ஒரு முறை சிலவற்றை எடுத்து வயிற்று எடை, அதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சரிவுதான் வேகம். நெத்திலியில் இது நடக்காது, கை பட்டாலே செதில் உதிர்ந்து செத்துடும். கண்ணாடி மீனில் செய்யலாம். நெத்திலிக்கு, இருட்டின பிறகு மணிக்கொரு முறை வலை வீசி வயிறு குறைவதைப் பார்க்கலாம். இரவில் அது ஒன்றும் தின்னவில்லை என்ற அனுமானம் இதில் ஒளிஞ்சிருக்கு. கண்ணால் கொத்துகிற மீனுக்கு ஓரளவு பொருந்தும், நிலா நாளிலும் விளக்கு வெளிச்சம் விழுகிற பாலத்தடியிலும் பொருந்தாது. நேப்பியர் பாலத்தடியில் இருட்டு எங்கே இருக்கு?

எண்ணூர்க்கரை | பிப்ரவரி 10, மதியம் 2.10

எண்ணூர் கழியில் அனல்மின் நிலையச் சுடுநீர் கலக்கிற பக்கம் வேகம் தனியாகவே அளக்கணும். அங்கே இன்னொரு பொறி: பறக்கும் சாம்பலின் கண்ணாடி உருண்டைகள். பளபளன்னு உருண்டையா இருக்கும், புதுசா பார்க்கிறவங்க மீன்முட்டை, கோப்பிபாட் முட்டை என்று எண்ணிடுவாங்க. மூடுகண்ணாடியை ஊசியால் அழுத்துங்க. முட்டை நசுங்கும், சாம்பல் நசுங்காது.

செவுள்சீப்பு | பிப்ரவரி 10, இரவு 9.30

முட்டை என்றதும் ஒன்று. சூடோடயாப்டோமஸ் பெண் முட்டைப்பையைச் சுமக்கும். பெரிசாக, கருப்பாகத் தெரிவதால் கண்ணால் கொத்துகிற மீன் அதைத்தான் முதலில் எடுக்கும். வயிற்றில் பெண் அதிகம் இருந்தால் அது நிஜமான தேர்வுக்கு அடையாளம், ஏன்னா வலை பெண்ணையும் ஆணையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிடிக்கும். ஒரே இனத்துக்குள்ளே பார்க்கிற தேர்வுக் குறியீட்டை வலையின் பிழை பெரிசாகக் கெடுக்காது. உங்க தரவில் எனக்கு நம்பிக்கை தருகிற இடம் இதுதான். சில கோப்பிபாட்களின் முட்டை மீன் குடலைக் கடந்தும் பொரிக்கும், அதனால குடலில் முழு முட்டை கிடந்தால் அதைச் "செரித்த உணவு" பக்கம் எழுதாதீங்க.

கழிவெளி | மார்ச் 6, இரவு 10.00

பெண் 31, ஆண் 9 (வயிற்றில்). நீரில் பெண் 52, ஆண் 48.

செவுள்சீப்பு | மார்ச் 6, இரவு 10.20

இதை முதல் படமாகப் போடுங்க. கொத்தித் தின்னுது. டயட்டம் படம் பின்னிணைப்புக்கு.

கழிவெளி | மார்ச் 7, காலை 8.15

மீன் தசையில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) அளவும் செய்யலாமா? அடையாறு, முட்டுக்காடு இரண்டையும் ஒப்பிட்டு.

செவுள்சீப்பு | மார்ச் 7, இரவு 9.40

செய்யலாம், நேரடியாக ஒப்பிடாமல். நைட்ரஜன்-15 ஒரு உணவுப்படிக்கு ஏறக்குறைய ஆயிரத்துக்கு 3.4 பங்கு ஏறும் என்பதை வைத்துத்தான் படியைக் கணக்கிடுறோம். சாக்கடை கலக்கும் நீரில் அடிமட்டமே உயர்ந்திருக்கும். அடையாறு நெத்திலி முட்டுக்காட்டு நெத்திலியைவிட 3 கூடுதல் என்றால் அது ஒரு படி மேலே தின்னுதுன்னு அர்த்தமில்லை, அடையாறில் சாக்கடை இருக்குன்னு அர்த்தம். அதை அறிய ஐசோடோப்பு தேவையில்லை, மூக்கு போதும். இரண்டு இடத்திலும் கோப்பிபாட்டைத் தனியாகப் பொறுக்கி அளந்து, மீனுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடுங்க. மாதிரி உறைபனியில், ஃபார்மலினில் வைத்ததை எடுக்காதீங்க.

எண்ணூர்க்கரை | மார்ச் 8, காலை 6.00

முகத்துவாரம் திறந்திருக்கா மூடியிருக்கான்னு ஒவ்வொரு மாதிரியிலும் எழுதுங்க. நம்ம கரையில் பெருநீர் நாளிலும் ஏற்ற வற்ற வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், மணல் திட்டை உடைக்க அது போதாது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்து உடைக்கணும், இல்லை பொக்லைன் வரணும். மூடினால் கடல் கோப்பிபாட் வருவது நிற்கும், உள்ளே ரோட்டிஃபர் பெருகும், நெத்திலி இருக்காது, திலேப்பியாவும் மடவையும்தான். மாதவாரியாகப் படம் போட்டால் "நெத்திலி கோடையில் உணவை மாற்றுது" என்பது போலத் தெரியும், மாறினது வாசல். திறந்திருக்கும்போதும் ஏற்றத்தில் எடுத்ததையும் வற்றத்தில் எடுத்ததையும் கலக்காதீங்க.

கழிவெளி | மார்ச் 8, இரவு 11.30

கடைசியா ஒன்று. புட்டியில் பெயர்ச்சீட்டு அழிஞ்சு போகுது.

செவுள்சீப்பு | மார்ச் 9, காலை 6.10

டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்க. மார்க்கர் மை ஆல்கஹாலில் கரையும். இடம், தேதி, மணி, ஏற்றமா வற்றமா, வாசல் நிலை, கண்ணி அளவு. இனப்பெயரைப் பிறகும் கண்டுபிடிக்கலாம், மணியைக் கண்டுபிடிக்க முடியாது.